சொந்தமாகக் கட்டிய பேக்கேஜ்களை நாற்பது சர்வர்களில் எப்படிப் பராமரிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: "எங்களிடம் நாற்பது சொச்சம் சர்வர்கள். பெரும்பாலும் டெபியன் 12, சிலவற்றில் ராக்கி லினக்ஸ் 9 (இரண்டும் லினக்ஸ் வகைகள்). என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் ஒரு மூன்றாம் தரப்பு மாட்யூல் (கூடுதல் வசதி தரும் துண்டு) வேண்டும் என்பதால் ஒவ்வொரு சர்வரிலும் சோர்ஸை இறக்கிக் கட்டி, 'மேக் இன்ஸ்டால்' என்ற கட்டளையால் நிறுவிவந்தோம். எங்கள் பைத்தான் செயலியை, நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து நேராக இழுக்கிறோம். இப்போது எந்த சர்வரில் எது ஓடுகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பேக்கேஜாக (கணக்கு வைத்து நிறுவவும் நீக்கவும் முடிகிற கட்டாக) மாற்றி நாங்களே ஒரு ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) நடத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

நடத்தலாம், நடத்தவும் வேண்டும். 'மேக் இன்ஸ்டால்' போட்டுவிட்டுப் போகும் பைல்கள், டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜியின் கணக்கிலேயே வராது. இந்தப் பைலை யார் வைத்தது, எந்த வெர்ஷன், எப்படி முழுதாக நீக்குவது என்று கேட்டால் சிஸ்டத்திடம் பதில் இருக்காது. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேக்கேஜை நீங்கள் கட்டிய நாளிலிருந்து அதன் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. அதுவரை டெபியனின் செக்யூரிட்டி டீம் உங்களுக்காகப் பார்த்துவந்த வேலை உங்கள் தலையில் வந்து விழும். கட்டுவது ஒரு மதிய வேலை. அதற்கப்புறம் மூன்று வருஷம் அதைக் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை. ஆகவே எவ்வளவு குறைவாகக் கட்ட முடியுமோ அவ்வளவு குறைவாகக் கட்டுங்கள்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் என்ஜின்எக்ஸை நீங்கள் மறுபடி கட்டவே வேண்டியதில்லை. 2016-ல் வந்த 1.9.11 முதல் மாட்யூல்களைத் தனிப் பைலாகக் கட்டி, கான்ஃபிக்கில் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் உங்களுக்கு வேண்டிய மாட்யூல் டெபியனிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். ஹெடர்ஸ்-மோர், ஜியோஐபி2, லுவா எல்லாம் ஏற்கெனவே தனித்தனி பேக்கேஜ்களாக இருக்கின்றன. இல்லையென்றால் மாட்யூலை மட்டும் பேக்கேஜ் ஆக்குங்கள். டெபியன் 12-ல் இதற்கென்றே 'என்ஜின்எக்ஸ்-டெவ்' என்ற பேக்கேஜ் உண்டு. அதை பில்டுக்குத் தேவையானதாகக் குறிப்பிட்டு, அதோடு வரும் டெப்ஹெல்பர் (டெபியன் பேக்கேஜ்களைக் கட்ட உதவும் கருவித்தொகுப்பு) துணைக்கருவியையும் சேர்த்துக்கொண்டால், டெபியன் எந்த ஆப்ஷன்களோடு என்ஜின்எக்ஸைக் கட்டியதோ அதே ஆப்ஷன்களோடு உங்கள் மாட்யூலும் கட்டப்படும்.

இதில் இன்னொரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. மாட்யூலும் என்ஜின்எக்ஸும் பைனரி (கம்பைல் செய்த நிரல்) அளவில் ஒத்துப்போகாவிட்டால் என்ஜின்எக்ஸ் அந்த மாட்யூலை ஏற்க மறுத்து, ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும். கையால் கட்டிப் போட்டவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அந்த எரர் வரியைப் பார்த்திருப்பார்கள். டெபியன் முறைப்படி கட்டிய மாட்யூல் பேக்கேஜ் 'எனக்கு இன்ன பைனரி இடைமுகம் உள்ள என்ஜின்எக்ஸ் வேண்டும்' என்பதைத் தன் டிபெண்டன்சியிலேயே (தேவைப் பட்டியலிலேயே) எழுதி வைத்துக்கொள்ளும். பொதுவாக செக்யூரிட்டி திருத்தங்களில் அந்த இடைமுகம் மாறுவதில்லை. அதனால் டெபியன் திருத்தம் வெளியிட்டால் என்ஜின்எக்ஸ் மட்டும் புதிதாகும், உங்கள் மாட்யூல் அப்படியே ஓடும். ஒருவேளை இடைமுகம் மாறினால், ரெப்போவிலிருந்து பேக்கேஜ்களை இறக்கும் கருவியான ஆப்ட் அந்த அப்கிரேடை நிறுத்தி வைக்கும். சர்வர் விழாது, நீங்கள் மாட்யூலைக் கட்டி முடிக்கும் வரை பழைய நிலையிலேயே இருக்கும். விடியற்காலையில் போன் வராமல் இருக்க இது ஒன்றே போதும்.

சரி, என்ஜின்எக்ஸின் நிரலிலேயே பேட்ச் (நம் சொந்த மாற்றம்) போட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்? அப்போது முதலில் கவனிக்க வேண்டியது வெர்ஷன் எண். சொந்த பேக்கேஜ்களில் நான் பார்த்த தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெபியன் 12-ல் என்ஜின்எக்ஸின் வெர்ஷன் 1.22.1-9. அதில் உங்கள் பேட்சைச் சேர்த்து 1.22.1-9+லோக்கல்1 என்று பெயர் வைக்கிறீர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. மூலத்தைவிடப் பெரிய எண், ஆகவே ஆப்ட் உங்களுடையதை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் டெபியன் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. அதன் வழக்கப்படி 1.22.1-9+டெப்12யு1 என்று வரும். இப்போது டிபிகேஜி இரண்டையும் ஒப்பிடுகிறது. கூட்டல் குறி வரை இரண்டும் ஒன்று. அடுத்து ஒன்றில் 'டி', மற்றதில் 'எல்'. ஆங்கில அகரவரிசையில் டி முன்னால் வருகிறது, எல் பின்னால் வருகிறது. ஆகவே உங்களுடையதுதான் புதியது என்று டிபிகேஜி முடிவு செய்கிறது. பாதுகாப்புத் திருத்தம் நாற்பது சர்வர்களில் ஒன்றில்கூட இறங்காது. எரர் எதுவும் வராது. 'எல்லாம் அப்டேட் ஆக இருக்கிறது' என்றுதான் திரையில் தெரியும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி. பின்னொட்டை 'டெப்' என்ற சொல்லுக்கு முன்னால் வருகிற எழுத்தில் தொடங்குங்கள், உதாரணமாக +ஏ1. அப்போது டெபியனின் திருத்தம் வந்தால் உங்களுடையதை மூடிவிடும். ஏற்கெனவே வந்த திருத்தத்தின்மீது கட்டுவதாக இருந்தால், அந்த முழு எண்ணுக்குப் பின்னால் உங்கள் பின்னொட்டைச் சேருங்கள். 1.22.1-9+டெப்12யு1+ஏ1 என்று வைத்தால் அடுத்து வரும் +டெப்12யு2 அதைவிடப் பெரியதாகவே இருக்கும். 'அப்படியானால் என் பேட்ச் போய்விடுமே' என்று கேட்பீர்கள். ஆமாம், போய்விடும். இரண்டில் ஒன்றை இழக்க வேண்டும் என்றால் பேட்சை இழப்பதே மேல் என்பது என் கருத்து. பேட்ச் போனால் ஏதோ ஒரு வசதி உடையும், யாராவது உடனே கத்துவார்கள். பாதுகாப்புத் திருத்தம் இறங்காமல் போனால் யாரும் கத்தமாட்டார்கள்.

டெபியன் 13-ல் இருக்கும் பேக்கேஜை 12-க்காகக் கட்டும்போது டில்டே குறியைப் பயன்படுத்துங்கள். டிபிகேஜியின் வரிசையில் டில்டே எல்லாவற்றுக்கும் முந்தியது, வெறுமைக்கும் முந்தியது. 1.26.3-3~ஏ1 என்பது 1.26.3-3-ஐவிடச் சிறியது. நாளை அந்த சர்வரை டெபியன் 13-க்கு மாற்றும்போது அதிகாரபூர்வ பேக்கேஜ் தானாகவே உங்களுடையதன் இடத்துக்கு வந்துவிடும். எண்ணின் முன்னால் முக்காற்புள்ளியோடு வரும் எப்போக் என்ற பகுதியைத் தொடவே தொடாதீர்கள். ஒருமுறை சேர்த்தால் பிறகு எடுக்கவே முடியாது. சந்தேகம் வந்தால் டிபிகேஜியிலேயே இரண்டு வெர்ஷன்களை ஒப்பிட்டுச் சொல்லும் ஆப்ஷன் இருக்கிறது. பில்ட் ஸ்கிரிப்டில் அந்தச் சோதனையையும் ஒரு படியாக வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: ஒரு எண்ணை வெளியிட்ட பிறகு அதே எண்ணில் வேறு உள்ளடக்கத்தை வெளியிடக் கூடாது. 'சின்ன மாற்றம்தானே' என்று தோன்றும். ஏற்கெனவே அந்த எண் இறங்கிய சர்வர்களில் ஆப்ட் பெரும்பாலும் எதையும் செய்யாது. புதிதாக எழுப்பும் சர்வர்களில் மாறியது இறங்கும். ஒரே பெயர், ஒரே எண், உள்ளே வேறு வேறு. இப்படி ஆகிவிட்டால் எங்கே எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு சர்வராக ஏறிப் பார்க்க வேண்டிவரும். அதிலிருந்து தப்பிக்கத்தானே இந்த வேலையையே தொடங்குகிறீர்கள்!

கட்டும் இடத்தைப் பற்றி. உங்கள் லேப்டாப்பில் கட்டாதீர்கள். பல மென்பொருள்களின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், மெஷினில் என்னென்ன லைப்ரரி இருக்கிறது என்று தேடிப் பார்த்து, கிடைத்ததையெல்லாம் இணைத்துக்கொள்ளும். என்றைக்கோ வேறு வேலைக்கு நிறுவிய லைப்ரரி இப்படிச் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். டெபியனுக்கு எஸ்பில்ட், ராக்கிக்கு மாக் என்ற கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் காலியான ஒரு சிஸ்டத்தை எழுப்பி, நீங்கள் எழுதிக்கொடுத்த பில்ட் டிபெண்டன்சிகளை மட்டும் நிறுவி, அதற்குள் கட்டும். பட்டியலில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கம்பைலர் ஆப்ஷன்களில் 'மார்ச் நேட்டிவ்' (கட்டும் மெஷினின் சிபியுவுக்கென்றே கட்டச் சொல்வது) இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டிய மெஷினின் சிபியு புதியதாக இருந்து, சர்வர் பழையதாக இருந்தால் நிரல் ஓடத் தொடங்கியதும் செத்துவிடும்.

டெபியன், ராக்கி இரண்டுக்கும் ஒரே பைனரி போதாதா என்ற ஆசை வரும். டெபியன் 12-ல் ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.36, ராக்கி 9-ல் 2.34. பழையதில் கட்டியது பெரும்பாலும் புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் (லினக்ஸ் வகைக்கும்) அதனதன் சூழலில் தனியாகக் கட்டிவிடுங்கள். மெஷின் செய்கிற வேலைதானே.

பைல்களை நேராகப் பேக்கேஜாக அடைத்துத்தரும் எஃப்பிஎம் போன்ற குறுக்குவழிக் கருவிகளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கோ மொழியில் எழுதிய ஒற்றை பைனரியை அடைத்து அனுப்ப அது தாராளமாகப் போதும். சி லைப்ரரிகளை நம்பும் மென்பொருளுக்கு முறையான டெப்ஹெல்பர் வழியே நல்லது. பைனரி எந்தெந்த லைப்ரரியைக் கேட்கிறது என்று தானே பார்த்து, டிபெண்டன்சியைத் தானே எழுதிவிடும்.

பைத்தான் செயலிக்கு வருவோம். விர்ச்சுவல் என்விரான்மென்ட்டோடு (செயலிக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் லைப்ரரிகளோடு) சேர்த்து /ஆப்ட் (opt; மேலே சொன்ன apt கருவி அல்ல) டைரக்டரியின் கீழ் உங்கள் நிறுவனத்தின் பெயரில் வைப்பதுதான் நடைமுறையில் எளிது. அது எந்த இடத்தில் ஓடப்போகிறதோ அதே பாத்தில் கட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளிருக்கும் ஸ்கிரிப்டுகளில் முழுப் பாத்தும் எழுதப்பட்டிருக்கும். டெபியன் 12-ல் பைத்தான் 3.11, 13-ல் 3.13. ஆகவே '3.11 அல்லது மேல், 3.12-க்குக் கீழ்' என்று டிபெண்டன்சியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஓஎஸ் அப்கிரேட் செய்த அன்று செயலி எழும்பாது.

இங்கே ஒரு மறைவான ஆபத்து உண்டு. பிப் (பைத்தானின் நிறுவும் கருவி) வழியாக இறங்கும் சில வீல் பைல்கள் (தயாராகக் கட்டிய பைத்தான் பேக்கேஜ்கள்) தங்களுக்குள்ளேயே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியைச் சுமந்து வருகின்றன. 'கிரிப்டோகிராஃபி' என்ற பேக்கேஜ் அப்படித்தான். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது இதேபோல ஓப்பன்எஸ்எஸ்எல்லை உள்ளேயே சேர்த்துக் கட்டியிருந்த நிரல்களுக்கு டிஸ்ட்ரோவின் திருத்தம் பயன்படவில்லை. லைப்ரரி சரியாகிவிட்டது, நிரலுக்குள் இருந்த நகல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நிரலாகத் திரும்பக் கட்டினால்தான் தீரும். உங்கள் செயலியின் பேக்கேஜுக்குள் இப்படி என்னென்ன உட்கார்ந்திருக்கின்றன என்ற பட்டியலை பில்டின்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடும் ஸ்கிரிப்டுகள் அடுத்த பொறி. டெபியனில் அப்கிரேட் நடக்கும்போதும் பழைய பேக்கேஜின் நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், 'அப்கிரேட்' என்ற சொல்லை மட்டும் சேர்த்துக்கொண்டு. அந்தச் சொல்லைப் பார்க்காமல் 'நீக்கும்போது டேட்டா டைரக்டரியை அழி' என்று எழுதிவைத்தால் ஒவ்வொரு அப்கிரேடிலும் டேட்டா போய்விடும். ராக்கியின் பேக்கேஜ் முறையான ஆர்பிஎம்மில் வரிசையே வேறு. புதிய பேக்கேஜின் போஸ்ட் (நிறுவிய பின் ஓடும்) ஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகுதான் பழையதன் நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடும். புதியது சர்வீஸை ஸ்டார்ட் செய்யும், பின்னாலேயே பழையது வந்து ஸ்டாப் செய்துவிட்டுப் போகும். ஸ்கிரிப்டுக்கு வரும் முதல் ஆர்கியுமென்ட் 0 ஆக இருந்தால்தான் உண்மையான நீக்கம், 1 என்றால் அப்கிரேட். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி-க்கென்று தயாராக இருக்கும் மேக்ரோக்களைப் பயன்படுத்தினால் இதெல்லாம் ஏற்கெனவே கவனிக்கப்பட்டிருக்கும். சோதிக்கும்போது புதிதாக நிறுவிப் பார்ப்பது போதாது. போன வெர்ஷனிலிருந்து அப்கிரேட் செய்தும் பாருங்கள், முழுதாக நீக்கியும் பாருங்கள்.

கான்ஃபிக் பைல்களைப் பேக்கேஜுக்குள் வைக்காமல், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிளிடம் விட்டுவிடுங்கள். ஒரே பைலுக்கு இரண்டு முதலாளிகள் இருந்தால் அப்கிரேட் நடுவில் 'உங்களுடையதை வைக்கவா, புதியதை வைக்கவா' என்ற கேள்வியோடு நின்றுவிடும்.

டெபியன் ரெப்போவை நடத்த ஆப்ட்லி என்ற கருவி என் தேர்வு. ஒரு பேக்கேஜின் பல வெர்ஷன்களை வைத்துக்கொள்ளும், ஸ்னாப்ஷாட் எடுக்கும், ஏதாவது உடைந்தால் முந்தைய ஸ்னாப்ஷாட்டை உடனே வெளியிடலாம். ராக்கிக்கு கிரியேட்ரெப்போ-சி போதும். டெபியனில் பொதுவாகப் பேக்கேஜ்களில் தனித்தனியாகக் கையெழுத்து இருப்பதில்லை. ரெப்போவின் ரிலீஸ் பைலில்தான் ஜிபிஜி (டிஜிட்டல்) கையெழுத்து, அதற்குள் இருக்கும் ஹேஷ்கள் (பைல்களின் கைரேகை போன்ற எண்கள்) வழியாகத்தான் மற்றவை சரிபார்க்கப்படுகின்றன. ஆகவே 'ட்ரஸ்டட் யெஸ்' போட்டு அந்தச் சோதனையை அணைத்துவிட்டால் எதுவுமே மிச்சமில்லை. உள் நெட்வொர்க்தானே என்றும் விடாதீர்கள். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் உங்கள் சாவியைப் பொது நம்பிக்கை டைரக்டரியில் போடாமல் /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் கீழே வைத்து, உங்கள் ரெப்போவின் சோர்ஸ் வரியில் 'சைன்ட்-பை' என்று அதைக் குறிப்பிடுங்கள். அப்போது அந்தச் சாவி உங்கள் ரெப்போவுக்கு மட்டுமே செல்லும். அந்தச் சாவியையே ஒரு சிறு பேக்கேஜாகவும் கட்டிவிடுங்கள். காலாவதி தேதி நெருங்கும்போது புதுச் சாவியை வழக்கமான அப்டேட்டிலேயே அனுப்பிவிடலாம். இல்லையென்றால் ஒரு நாள் காலை நாற்பது சர்வர்களிலும் ஒரே நேரத்தில் அப்டேட் நின்றுபோகும்.

ஆப்ட் பின்னிங்கில் (எந்த ரெப்போவுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்லும் அமைப்பில்) உங்கள் ரெப்போ முழுவதற்கும் முன்னுரிமை 100 கொடுங்கள். டெபியனில் இல்லாத உங்கள் சொந்தப் பெயர்கள் அதற்கே இறங்கும். யாராவது தவறுதலாக ஒரு பொது லைப்ரரியை உங்கள் ரெப்போவில் ஏற்றிவிட்டாலும் அது டெபியனுடையதை மிதிக்காது. பேட்ச் போட்ட பேக்கேஜ்களை மட்டும் பெயர் சொல்லி, டெபியனுக்கு இயல்பாக இருக்கும் 500-க்கு உயர்த்துங்கள். அதற்கு மேல் 990 என்று வைத்தால் வெர்ஷன் எண்ணில் பார்த்த அதே சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும்.

வெளியிடும்போது முதலில் சோதனை ரெப்போ, அங்கிருந்து இரண்டு சர்வர்கள், ஒரு நாள் பார்த்த பிறகு மற்றவை. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பேட்ச் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2006-ல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் ஒரு சிறு பேட்ச் சேர்ந்தது. வேல்கிரைண்ட் என்ற பிழை தேடும் கருவி காட்டிய எச்சரிக்கைகளை நிறுத்துவதற்காக எடுக்கப்பட்ட வரிகள் அவை. அவற்றோடு ரேண்டம் எண்களுக்கான விதையும் போய்விட்டது. மிஞ்சியது ப்ராசஸ் ஐடி (ஓடும் நிரலின் எண்) மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் யாராலும் ஊகிக்கக்கூடியவையாக இருந்தன. டெபியன் போன்ற இடத்திலேயே, இத்தனை பேர் பார்க்கும் பேக்கேஜிலேயே இது நடந்தது. உங்கள் உள் ரெப்போவின் பேட்சை எத்தனை பேர் பார்ப்பார்கள்? ஒவ்வொரு பேட்சையும் தனிப் பைலாக வையுங்கள். தலையில் ஏன் போட்டோம், மூல ஆசிரியர்களுக்கு அனுப்பினோமா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அனுப்பாத பேட்சை வருஷக்கணக்கில் சுமக்காதீர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த வெர்ஷனில் உங்கள் சுமை ஒன்று குறையும். மறுத்தால் அந்தக் காரணமே உங்களுக்கு முக்கியமான செய்தி.

அப்புறம், கண்காணிப்பு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள். 'டெவ்ஆப்ஸ் டீம்' என்று எழுதினால் யாரும் இல்லை என்றே பொருள். டெபியன் செக்யூரிட்டி அறிவிப்புகளும் மூல மென்பொருளின் வெளியீட்டு அறிவிப்புகளும் அந்த ஆளுக்குப் போக வேண்டும். பேக்கேஜின் சோர்ஸில் உள்ள 'டெபியன்' டைரக்டரியில் ஒரு வாட்ச் பைல் வைத்துவிட்டால் யூஸ்கேன் என்ற கருவி புதிய வெர்ஷன் வந்ததா என்று பார்த்துச் சொல்லும். தினமும் ஓடவிடுங்கள். அப்டேட்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இயல்பில் அது உங்கள் ரெப்போவைத் தொடாது. உங்கள் ரெப்போவின் ஒரிஜின் பெயரை அதன் கான்ஃபிக்கில் சேர்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு முதல் வேலை, ஏற்கெனவே கையால் போட்டவற்றைத் துடைப்பது. சோர்ஸிலிருந்து கட்டிய என்ஜின்எக்ஸ் இயல்பாக /யூஎஸ்ஆர்/லோக்கல்/என்ஜின்எக்ஸ் கீழே போய் உட்காரும். யாராவது எழுதிவைத்த சிஸ்டம்டி யூனிட் பைலும் (சர்வீஸை எப்படி எழுப்புவது என்று சொல்லும் பைல்) /இடிசி கீழே இருக்கலாம். அங்கே இருக்கும் யூனிட், பேக்கேஜோடு வரும் யூனிட்டை மறைத்துவிடும். நீங்கள் பேக்கேஜை நிறுவியிருப்பீர்கள், டிபிகேஜியும் புதிய வெர்ஷனைக் காட்டும், ஆனால் ஓடுவது பழைய பைனரியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு சர்வரிலும் பழைய யூனிட்டையும் டைரக்டரியையும் நகர்த்திவிட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் எண்ணை எடுத்து, /ப்ராக் கீழே அந்த எண்ணின் 'எக்ஸ்இ' லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள். /யூஎஸ்ஆர்/எஸ்பின் என்று காட்டினால் அந்த சர்வர் முடிந்தது. இந்தச் சோதனையை ஆன்சிபிளில் ஒரு டாஸ்க்காக எழுதி நாற்பதிலும் ஓட்டுங்கள். எவை எவை இன்னும் /யூஎஸ்ஆர்/லோக்கலைக் காட்டுகின்றனவோ, அதுதான் உங்கள் முதல் வாரப் பட்டியல்.